ஆங்கிலப் பரீட்சையா, மனனப் பரீட்சையா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில், பழைய நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு தினங்கள் தங்க நேர்ந்தது. நண்பரின் மகள் அவ்வூர்ப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. இரண்டாம் தவணைப் பரீட்சை முடிவடைந்திருந்த சமயம் அது. இரவு உணவுக்குப் பின்னர் விறாந்தையில் மேசையைப் போட்டு, ஆறாம் தரத்து ஆங்கில விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பத்திரிகை அலுவலகத்தில் பல்லாண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? அவரிடம் அனுமதி பெற்று, திருத்தி முடித்த கட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினேன்.

இலங்கைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். எமது நாட்டில் ஐந்தாம் தரத்துடன் ஆரம்பக் கல்வி முடிவடைகின்றது. ஆறாம் தரம் இடைநிலைக் கல்வியின் முதலாம் ஆண்டு. பிள்ளைக்குப் பதினொரு வயது. கல்வியாண்டு மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆண்டின் நடுவே வருவது இரண்டாம் தவணைப் பரீட்சை. அந்தப் பாடசாலைக்கு வினாத்தாளும் புள்ளியிடும் திட்டமும் வெளியிலிருந்தே வந்திருந்தன. ஆசிரியையின் வேலை, அந்தத் திட்டத்தின்படி சரியும் பிழையும் போடுவது.

கட்டில் இருந்தவை முப்பத்து மூன்று விடைத்தாள்கள். கடைசி வினா, 'என் தாய்' என்ற தலைப்பில் ஒரு சிறு கட்டுரை. முதலாவது பிள்ளை எழுதியிருந்தது: 'மை மதர் இஸ் எ ரீச்சர். ஷீ இஸ் ரோல் அன்ட் ஃபெயார்.' தாய் ஓர் ஆசிரியை, உயரமானவர், வெள்ளை நிறத்தவர். அவர் காலையில் ஐந்து மணிக்கு எழுவார், சுவையாகச் சமைப்பார், எல்லோரும் அவரை நேசிக்கின்றனர். இரண்டாவது பிள்ளையின் தாயும் ஆசிரியை. உயரமானவர், வெள்ளை நிறத்தவர். ஐந்து மணிக்கு எழுவார். மூன்றாவது பிள்ளையின் தாயும் அவ்வாறே. எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு பிள்ளைகளுக்கு ஒரே தாய்! ஐந்து பிள்ளைகள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தனர்.

"மகள், இந்த இருபத்தேழு பேரில் எத்தனை பேருடைய தாய்மார் ஆசிரியைகள்?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் கூட இல்ல மாமா. வயலுக்குப் போறவங்க, மீன் விக்கிறவங்க, வீட்டோட இருக்கிறவங்க. மூணு கட்டுரை பாடமாக்கக் குடுத்தம். மூணில ஒண்டு கட்டாயம் வரும்" என்றார். அவர் அதை வெட்கத்துடனேயே சொன்னார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

இருபத்தேழு பிள்ளைகளுக்கும் பத்துக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று புள்ளிகள் கிடைத்திருந்தன. எஞ்சியது முப்பத்து மூன்றாவது விடைத்தாள். ஒரு பையனுடையது. அவன் எழுதியிருந்த ஐந்து வரிகளை இங்கு அப்படியே தமிழ் எழுத்தில் தருகின்றேன்:

'மை மதர் கோ குவைத். ஷீ போன் ஃப்ரைடே. ஐ சே அம்மா. ஷீ க்ரை. ஐ நோ க்ரை.'

அம்மா குவைத்துக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். நான் 'அம்மா' என்பேன். அவர் அழுவார். நான் அழுவதில்லை.

இதற்குக் கிடைத்த புள்ளி, பத்துக்கு இரண்டு.

வாசகர்களே, இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது அந்த 'இரண்டு' தான். அந்த வகுப்பில் ஆங்கிலத்தை ஒரு மொழியாகப் பயன்படுத்திய பிள்ளை அவன் ஒருவனே. தனது மனதில் இருந்த ஒரு செய்தியை, தனக்குத் தெரிந்த பதினைந்துக்கும் குறைவான சொற்களைக் கொண்டு, அதனை அறியாத இன்னொருவருக்கு அறிவித்துவிட்டான். மொழியின் வேலை அதுவே. இலக்கணம் பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஏனைய இருபத்தேழு பேரும் எழுதியது ஆங்கிலமே அன்று. அது ஒரு படத்தைப் பார்த்து வரைந்த சித்திரம். பொய்க்கு ஒன்பது புள்ளிகளும் உண்மைக்கு இரண்டு புள்ளிகளும் வழங்கும் ஒரு பரீட்சையைப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் நடத்திக்கொண்டிருக்கின்றோம்.

நான் மிகைப்படுத்துகின்றேன் என்று எவரேனும் எண்ணக்கூடும். எனக்கும் ஐயம் எழுந்தது. மறுநாட்காலை, கட்டுரைக்கு ஒன்பது புள்ளிகள் பெற்ற, மொத்தமாக எண்பத்து நான்கு புள்ளிகளுடன் வகுப்பில் முதலிடம் வகித்த அயல்வீட்டுச் சிறுமி அங்கே வந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, கண்களிலேயே அது தெரிந்தது. அவளுடைய கட்டுரையில் இருந்த சொற்களோடு 'நொட்' என்ற ஒரு சொல்லை மாத்திரம் சேர்த்து, ஒழுங்கை மாற்றி ஒரு தாளில் எழுதினேன்: 'மை ரீச்சர் இஸ் நொட் மை மதர்.' வாசிக்கும்படி கேட்டேன். அவள் தாளைப் பார்த்தாள். ஒரு கணம் தயங்கினாள். பின்னர் கண்களை மேலே உயர்த்தி, 'மை மதர் இஸ் எ ரீச்சர், ஷீ இஸ் ரோல் அன்ட் ஃபெயார்' என்று மளமளவென ஒப்புவிக்கத் தொடங்கினாள்.

அவளில் குற்றம் காண்பதற்கு ஏதும் இல்லை. கேட்கப்பட்டதைக் கேட்கப்பட்ட விதத்தில் அவள் கொடுத்திருக்கின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை அந்த எண்பத்து நான்கு புள்ளிகள் அவளுடைய தாயிடமிருந்தும், அதிபரிடமிருந்தும், வலயக் கல்விப் பணிமனையிடமிருந்தும் மறைத்துவிட்டன. பரீட்சையின் பயன், தெரியாததை வெளிக்காட்டுவது. இந்தப் பரீட்சையோ தெரியாததை மூடி மறைக்கின்றது.

அந்த வினாத்தாளை முழுமையாகப் படித்துப் பார்த்தேன். படத்துக்குப் பெயர் எழுதுதல், குழம்பிய எழுத்துகளை ஒழுங்குபடுத்துதல், அடைப்புக்குள் உள்ள இரு வினைச்சொற்களில் ஒன்றின் கீழ்க் கோடிடுதல், பாடநூலில் ஏற்கெனவே படித்த ஒரு பந்தியையே மீண்டும் அச்சிட்டு அதே வினாக்களைக் கேட்டல், இறுதியில் அந்தக் கட்டுரை. மொழித்திறன்கள் நான்கு என்று ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் போதிக்கின்றார்கள்: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல். இந்த வினாத்தாளில் காதுக்கும் வாய்க்கும் ஒரு புள்ளி கூடக் கிடையாது. வாசித்தலின் இடத்தில் ஞாபகம் இருக்கின்றது. எழுதுதலின் இடத்திலும் ஞாபகமே இருக்கின்றது.

காதும் வாயும் விலக்கப்பட்டதன் விளைவு தமிழ்ப் பிள்ளைக்கு மிகக் கொடியது. தமிழ் நெடுங்கணக்கைக் கற்ற பிள்ளை, எழுத்தைக் கண்டால் ஒலியை உணர்ந்துவிடும். முன்பின் அறியாத சொல்லைக் கூட வாசித்துவிடும். ஆங்கிலம் அவ்வாறன்று. ஒரே எழுத்து ஒரு சொல்லில் ஒரு விதமாகவும் இன்னொரு சொல்லில் வேறு விதமாகவும் ஒலிக்கும். சில இடங்களில் ஒலிக்கவே மாட்டாது. எழுத்தைப் பார்த்து மாத்திரம் ஒலியை முழுமையாக அறிய இயலாத மொழியை, ஒலியைச் சரிவரக் கேளாத பிள்ளையின் முன்னால் அச்சிட்டு வைத்தால், அவள் அதனை எப்படி வாசிப்பாள்? கோலத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். புள்ளி பிசகாமல் திரும்ப வரைவாள். அதைத்தான் அந்தச் சிறுமி செய்திருக்கின்றாள்.

இது ஒரு தவணையோடு தீர்ந்துவிடும் வியாதியும் அன்று. எமது பாடசாலைகளில் முதலாம் தரத்திலேயே வாய்மொழி ஆங்கிலம் அறிமுகமாகின்றது. மூன்றாம் தரத்திலிருந்து அதற்கென அரசாங்கம் இலவசப் பாடநூல் வழங்குகின்றது. க.பொ.த. சாதாரணதரத்தில் ஆங்கிலம் எல்லோருக்குமான பாடம்; ஆயினும் உயர்தர வகுப்புக்குச் செல்வதற்கு அதில் சித்தியடைந்தே ஆகவேண்டும் என்ற நியதி இல்லை. அங்கும் காதுக்கும் வாய்க்கும் பரீட்சை கிடையாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு வினாத்தாள் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிக் கணிப்பில் அது சேர்க்கப்படுவதில்லை. ஆகப் பதின்மூன்று ஆண்டுகள் ஒரு பாடத்தைக் கற்பித்துவிட்டு, அது தெரியாமலே கடந்து செல்வதற்கு ஒவ்வொரு வாயிலிலும் ஒரு பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றோம். பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்ததும் விரிவுரை ஆங்கிலத்தில் ஆரம்பமாகின்றது. தொழில் தேடிப் போனால் நேர்முகம் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. பிள்ளை அங்கேதான் முதன்முதலாக மெய்யான ஆங்கிலப் பரீட்சையைச் சந்திக்கின்றது. அதற்கு இரண்டாம் தவணையும் இல்லை. மூன்றாம் தவணையும் இல்லை.

எமது மண்ணில் ஆங்கிலத்தின் வரலாறு நெடியது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். சமயத்தைப் பரப்ப வந்தவர்களிடம் எமது முன்னோர் ஆங்கிலத்தையும் விஞ்ஞானத்தையும் கற்று, சமயத்தை அவர்களிடமே விட்டுவந்த கதைகள் ஏராளம். 1855இல் அந்தக் கலாசாலை மூடப்பட்டது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னாளில் ஏட்டுச் சுவடிகளில் கிடந்த தமிழ் நூல்களை அச்சேற்றினார். ஆயினும் அன்றைய ஆங்கிலக் கல்வி கட்டணம் செலுத்த இயன்றோருக்கே உரியதாயிருந்தது. அந்தச் சுவரை உடைத்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் இல்லாதிருந்தால், இதை எழுதுகின்ற நான் எழுத்துக் கூட்டவே கற்றிருப்பேனோ என்பது ஐயமே.

பின்னர் சுயமொழிக் கல்வி வந்தது. அது சரியான தீர்மானம் என்பதே அன்றும் இன்றும் என் நிலைப்பாடு. தாய்மொழியில் சிந்திக்கக் கற்ற பிள்ளையே வேறெந்த மொழியையும் கற்கும். ஆனால் சுயமொழிக் கல்வியை ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பரிந்துரைத்த தலைவர்கள் பலர், தம் வீட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை எவ்விதத்திலும் கைவிடவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. தமிழருக்கு அது இழைத்த அநீதி உலகறிந்தது. ஆனால் சிங்களக் கிராமத்து இளைஞனுக்கும் அது ஆங்கிலத்தை எட்டாக்கனியாகவே விட்டுவைத்தது. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குச் சூட்டிய பெயர் 'கடுவ'. வாள் என்று பொருள். அந்த வாள் யார் கையில் இருக்கின்றது, யார் கழுத்தில் விழுகின்றது என்பதை அவர்கள் ஒரே சொல்லில் உணர்த்திவிட்டார்கள்.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. யாரை யாரோடு இணைக்கும் மொழி? படுவான்கரைப் பிள்ளையையும் மொனராகலைப் பிள்ளையையும் அது இணைக்கவில்லை. இருவருக்கும் அது தெரியாது. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அரசாங்கம் பிரகடனம் செய்தது. 'எமது பாணியில் ஆங்கிலம் பேசுவோம்' என்பது அக்காலத்துச் சுலோகம். பிழைக்கு அஞ்சாமல் பேசுங்கள் என்றார்கள். நல்ல சுலோகம். ஆனால் அதன் பின்னரும் வகுப்பறைக்கு வந்துசேர்ந்த வினாத்தாளில் பேசுவதற்கு இடமில்லை. பிழைக்கு மன்னிப்பும் இல்லை. தனது பாணியில் எழுதிய பையனுக்கு இரண்டு புள்ளிகள்.

இவ்விடத்தில் சில ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவேன்.

'பிள்ளைகள் சித்தியடைய வேண்டாமா? கடினமான வினாத்தாள் கொடுத்தால் எல்லோரும் பூச்சியம் வாங்குவார்களே' என்பர் சிலர். வினாத்தாளைக் கடினமாக்கும்படி நான் கோரவில்லை, நேர்மையாக்கும்படி கோருகின்றேன். 'உனது பெயர் என்ன? உனது வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கின்றது?' என்று வாயால் கேட்டு வாயால் பதில் பெறுவதை விட எளிதான வினா உண்டோ? பாடநூலில் இல்லாத, ஆனால் பாடநூலின் சொற்களாலேயே அமைந்த நான்கு வரிகளை வாசிக்கக் கொடுப்பது அத்தனை கொடுமையா?

'நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் பேச வைத்துப் பரீட்சிக்க நேரம் எங்கே?' என்பது அடுத்த கேள்வி. நியாயமானது. கிராமப்புறங்களில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை இருப்பதும் உண்மை. ஆனால் கணக்குப் பாருங்கள். பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால் நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு மணித்தியாலம். நாற்பது நிமிடப் பாடவேளைகள் மூன்று. ஒரு தவணையில் மூன்று பாடவேளைகளை ஒதுக்க முடியாதா? மூன்று கட்டுரைகளைப் பாடமாக்குவதற்கு எத்தனை பாடவேளைகள் செலவாகின்றன என்பதை எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற நல்ல ஏற்பாடு ஏட்டில் இருக்கின்றது. அது கோப்புகளை நிரப்பும் வேலையாகச் சுருங்கிவிட்டதாக ஆசிரியர்களே முறையிடுகின்றனர். அதற்கு உயிரூட்ட இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

'நகரத்துப் பிள்ளைகளும் இதே முறையில்தானே படித்து நன்றாகப் பேசுகின்றார்கள்?' என்று கேட்போரும் உளர். நகரத்துப் பிள்ளை ஆங்கிலத்தை அந்தப் பரீட்சையில் கற்கவில்லை. வீட்டில் கேட்கின்றது, தொலைக்காட்சியில் கேட்கின்றது, மாலையில் தனியார் வகுப்பில் பேசிப் பழகுகின்றது. வசதி மேலும் கூடினால் சர்வதேசப் பாடசாலைக்கே போய்விடுகின்றது. கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்படும் அந்தப் பாடசாலைகளுக்கு எங்கள் தவணைப் பரீட்சையால் ஆவதொன்றுமில்லை. ஆகவே இந்த வினாத்தாளின் குறை நகரத்தில் வெளியே தெரிவதில்லை. பாடசாலையைத் தவிர ஆங்கிலத்துக்கு வேறு கதியற்ற பிள்ளையின் தலையிலேயே அதன் முழுப் பாரமும் இறங்குகின்றது.

இறுதியாக, 'ஆங்கில மோகத்தைத் தூண்டித் தமிழுக்குத் துரோகம் செய்கின்றீரே' என்று என் மீது பாயக் காத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே மட்டக்களப்பு மாநகரில் ஆங்கிலம் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் சுவாமி விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவரும் அவரே. 1947இல் வெளியான யாழ் நூல், விஞ்ஞானமும் தமிழும் ஒருவருள் கைகோத்ததன் பயன். ஆங்கிலம் அறிந்தமையால் அவர் தமிழுக்கு என்ன குறை வைத்தார்? தமிழுக்குத் துரோகம் செய்வது ஆங்கில அறிவு அன்று; பொருள் விளங்காமல் ஒப்புவிக்கும் பழக்கமே துரோகம். ஆங்கில வினாத்தாளில் அதைப் பழகிய பிள்ளை, நாளை தமிழ்க் கட்டுரையையும் அவ்வாறே எழுதும். 'என் தாய்' என்று தமிழில் எழுதச் சொன்னாலும், யாரோ ஒருவருடைய தாயையே எழுதும்.

நான் கேட்பவை பெரியன அல்ல. இடைநிலைக் கல்வியின் முதலாம் ஆண்டில், ஆங்கிலத் தவணைப் பரீட்சையின் அரைவாசிப் புள்ளிகளைக் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் வழங்குங்கள். வாசிப்புக்குப் பிள்ளை முன்னர் பார்த்திராத சிறு பந்தியைக் கொடுங்கள். பாடமாக்கி எழுதக்கூடிய கட்டுரைத் தலைப்புகளை அடியோடு நீக்கிவிட்டு, 'நேற்று மாலை நீ என்ன செய்தாய்?' என்று கேளுங்கள். பிறர் எழுதிக் கொடுத்த பத்து வசனங்களை விட, பிள்ளை தானே எழுதிய பிழையான மூன்று வசனங்களுக்கு அதிக புள்ளி கொடுக்கும்படி புள்ளியிடும் திட்டத்திலேயே எழுதி அனுப்புங்கள். இலக்கணம் பின்னர் வரும். எட்டாம் தரத்தில் வரட்டும். ஒன்பதாம் தரத்தில் வரட்டும். பேசாத வாய்க்கு இலக்கணம் எதற்கு?

மொழிபெயர்ப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளை மேசையில் குவிப்பார்கள். ஆங்கிலத்தில் திறமைச் சித்தி பெற்ற இளைஞர்கள் வந்து அமர்வார்கள். முதல் வாக்கியத்திலேயே பேனா நின்றுவிடும். அவர்கள் படித்த பந்தி அங்கே வருவதில்லை அல்லவா? பிழை விட்டு, ஆசிரியரிடம் ஏச்சு வாங்கி, மறுபடி எழுதியே நாங்கள் எல்லோரும் ஆங்கிலம் கற்றோம். பிழை விடுவதற்கு எங்களுக்குக் கிடைத்த அந்த உரிமை, பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஏன் மறுக்கப்படுகின்றது?

அன்றிரவு ஆசிரியை என்னிடம் கேட்டார்: "நீங்க எண்டா எத்தின போடுவீங்க மாமா?"

"பத்துக்கு எட்டு" என்றேன். "மீதி இரண்டும் இலக்கணத்துக்கு."

அவர் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியிடும் திட்டம் அவர் கையைக் கட்டியிருந்தது. இரண்டு இரண்டாகவே நின்றது. ஆனால் சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த ஐந்து வரிகளின் கீழே, 'கோ' என்பது எப்போது 'வென்ற்' ஆகும் என்று தெளிவாக எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் தாயிடம் என்ன பேசினான் என்பதை வகுப்பில் வந்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று அதன் பக்கத்தில் குறித்தார்.

அந்த முப்பத்து மூன்று பிள்ளைகளுக்கும் அந்தத் தவணையில் நடந்த ஒரேயொரு ஆங்கிலப் பாடம் அதுதான் என்று எனக்குத் தோன்றிற்று. அதனை ஒரு கிராமத்து ஆசிரியை, எந்தச் சுற்றுநிருபமும் இல்லாமல், விறாந்தை விளக்கொளியில் ஆரம்பித்து வைத்தார். வினாத்தாள் தயாரிப்போருக்கு மாத்திரம் அது ஏன் இயலாது?